ரெவல்ஸ் போதகரின் கதையை 1871இல் நிறுத்திவிடாதீர்கள்: தமிழ்ப் பள்ளிப் பாடக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாடக்குழு நண்பர்களுக்கும், சக ஆசிரியர்களுக்கும், பெற்றோர்களுக்கும்,

வணக்கம். பிப்ரவரி மாதப் பேச்சுப் போட்டிக்கான அட்டைகள் சீக்கிரமே அச்சுக்குப் போய்விடும், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். கறுப்பின வரலாற்று மாதத்தில் நம் பிள்ளைகள் அந்த மனிதர்களைப் பற்றித் தமிழில் பேசுவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அமெரிக்காவின் தென்பகுதியில் வளரும் பிள்ளைகள், தாங்கள் நடமாடும் மண்ணின் கதையைத் தங்கள் மொழியில் சொல்கிறார்கள். அந்த அட்டைகளைத் தயாரிப்பவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஓர் அட்டையை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஹைரம் ரெவல்ஸ் அட்டை. அதில் இருப்பது ஐந்தே வரிகள். 1827இல் பிறந்தார், போதகராக இருந்தார், அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார், தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் அமைத்த கூட்டமைப்புக்கு அதிபரான ஜெஃபர்சன் டேவிஸ் விட்டுப்போன இருக்கையில் அமர்ந்தார், 1871இல் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் ‘நன்றி, வணக்கம்’. மூன்று வருடம் இதையே நானும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன்.

1871 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபோது அவருக்கு வயது 43. அவர் இறந்தது 1901 ஜனவரியில். செனட்டில் இருந்ததோ 1870 பிப்ரவரி 25 முதல் 1871 மார்ச் 3 வரை, ஒரு வருடமும் ஒரு வாரமும். அதற்கப்புறம் இருந்த முப்பது வருடத்தையும் நாம் தூக்கி எறிந்துவிட்டோம். அந்த முப்பது வருடத்தில்தான் அவர் கல்லூரி கட்டினார், வேலை இழந்தார், திரும்பி வந்தார், ஒரு பெரிய தவறும் செய்தார் (தவறு என்பது என் கருத்து, அதற்குப் பிறகு வருகிறேன்), கடைசிவரை சபைகளுக்குப் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

போன வருடம் மிசிசிப்பியின் நாட்செஸ் நகரத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம், திரும்பும் வழியில் ரெவல்ஸ் முதல் தலைவராக இருந்த ஆல்கார்ன் பல்கலைக்கழகத்துக்குள் வண்டியைத் திருப்பினேன். அங்கே ஓக்லாந்து நினைவு ஆலயம் என்று ஒரு பழைய கட்டடம், முன்னால் பருத்த தூண்கள், வெளியே இரும்புப் படிக்கட்டு. கைப்பிடி முழுக்கப் பூவேலை செய்த வார்ப்பிரும்பு. கல்லூரிக் கட்டடத்துக்கு இவ்வளவு ஆடம்பரமான படி எதற்கு என்று யோசித்தேன், பிறகுதான் கதை தெரிந்தது. அந்தப் படிகள் பக்கத்தில் இருந்த ஒரு தோட்ட முதலாளியின் வின்ட்சர் என்ற மாளிகையிலிருந்து வந்தவை. அந்த மாளிகை 1890இல் தீப்பிடித்து எரிந்தது. இன்றைக்கும் அங்கே போனால் கூரையில்லாமல் தூண்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. எரிந்தது போக மிஞ்சிய இரும்புப் படி, விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக நிறுவிய கல்லூரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரெவல்ஸ் அந்தப் படியில் ஏறியிருக்க மாட்டார், அவர் 1882இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அந்தக் கைப்பிடியில் கை வைத்து நின்றபோது எனக்கு நம் அட்டைதான் ஞாபகம் வந்தது. இந்த இடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

கொஞ்சம் முன்கதை சொல்லாமல் இது விளங்காது. ரெவல்ஸ் வட கரோலினாவின் ஃபேயட்வில் ஊரில், அடிமை அல்லாத சுதந்திரக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைகள் எழுத்தறிவு பெறுவதே வெள்ளையர்களுக்குப் பிடிக்காத காலம் அது. உள்ளூர்க் கறுப்பினப் பெண்மணி ஒருவர்தான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இளவயதில் அண்ணனோடு சேர்ந்து முடிதிருத்தும் தொழில் செய்தார். படிக்க வேண்டும் என்று இந்தியானாவுக்கும் ஒஹையோவுக்கும் போனார், குவேக்கர் சமயத்தார் நடத்திய பள்ளியில் படித்தார். 1845இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் போதகர் ஆனார். மிசூரி மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதை 1847இலேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். அந்த மாநிலத்தில் பிரசங்கம் செய்ததற்காக 1854இல் சிறைக்கும் போனார். உள்நாட்டுப் போர் வந்தது. கறுப்பினப் படைப்பிரிவுகளுக்கு ஆள் சேர்க்க உதவினார், ராணுவத்தில் குருவாகப் பணி செய்தார், செயின்ட் லூயிஸில் விடுதலை பெற்றவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். போர் முடிந்ததும் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபைக்கு மாறி, 1866இல் நாட்செஸ் வந்து குடியேறினார்.

நாட்செஸ் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? தெற்குக் கோடி மாநிலங்களில் நியூ ஆர்லியன்சுக்கு அடுத்தபடி பெரிய அடிமைச் சந்தை இருந்த ஊர். 1860 கணக்கெடுப்பில் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைகளாகப் பதிவானவர்கள் 4,36,000 பேருக்கு மேல், மொத்த மக்களில் பாதிக்கும் அதிகம். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் விடுதலை ஆனார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அந்த மக்களுக்கு நடுவே வந்து இறங்கிய ஒரு போதகர் என்ன செய்வார்? ஞாயிறு பிரசங்கம், மற்ற நாள் பள்ளிக்கூடம். நம் ஊரிலும் மிஷன் பள்ளிகளின் பழைய தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், கோயில் மணியையும் பள்ளி மணியையும் ஒரே ஆள் அடித்த காலம் அது.

அரசியலுக்கு அவராகத் துடித்துக்கொண்டு போகவில்லை. 1868இல் நாட்செஸ் நகரசபையில் ஓர் இடம் கொடுத்தார்கள். அடுத்து மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1870 ஜனவரியில் அந்த அவை கூடியபோது தொடக்க ஜெபம் செய்யச் சொன்னார்கள். அந்த ஜெபம்தான் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பியது என்று அப்போது சட்டமன்றத்தில் இருந்த ஜான் ராய் லிஞ்ச் பின்னாளில் எழுதினார். அமெரிக்க செனட்டர்களை அப்போது மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன, மிசிசிப்பி சட்டமன்றம் 81க்கு 15 என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. வாஷிங்டனில் எதிர்ப்பாளர்கள், செனட்டர் ஆக ஒன்பது வருடம் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், 1857ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ட்ரெட் ஸ்காட் தீர்ப்புப்படி கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல, அவர்களுக்குக் குடியுரிமை தந்த 14ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1868இல்தான், ஆக இவர் இரண்டு வருடக் குடிமகன் என்று வாதம் செய்தார்கள். பிறந்ததிலிருந்து இதே நாட்டில் சுதந்திரமாக இருந்த மனிதரைப் பார்த்து இப்படிச் சொன்னார்கள். 48க்கு 8 என்ற வாக்கில் அந்த வாதம் தோற்றது. இதுவரை நம் அட்டை சரி.

ஆனால் ஜெஃபர்சன் டேவிஸ் இருக்கை என்பது தப்பு. 1861இல் மிசிசிப்பி நாட்டிலிருந்து பிரிந்தபோது அதன் இரண்டு செனட்டர்களும் வெளியேறினார்கள். ரெவல்ஸ் நிரப்பியது மற்றவரான ஆல்பர்ட் காலட்டின் பிரவுன் விட்ட இடத்தை. டேவிஸின் இடத்துக்கு 1870இல் வடக்கிலிருந்து வந்த படைத்தளபதி அடெல்பர்ட் ஏம்ஸ் வந்தார், 1875இல் அதே இடத்துக்கு பிளான்ச் புரூஸ் என்ற கறுப்பினத்தவர் வந்தார். டேவிஸ் கதை கேட்க நன்றாக இருக்கிறது என்று அந்தக் காலத்திலிருந்தே எல்லோரும் ரெவல்ஸ் மேல் ஏற்றிச் சொல்லிவருகிறார்கள். நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம், நாமாவது திருத்திக்கொள்வோம்.

சரி, 1871க்கு வருகிறேன். செனட்டிலிருந்து இறங்கியபோது அதிபர் கிராண்டின் அரசு வேறு பதவிகளைத் தர முன்வந்தது. அவற்றை வேண்டாம் என்றுவிட்டு, மிசிசிப்பி அரசு புதிதாகத் தொடங்கிய ஆல்கார்ன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகப் போனார். ஓக்லாந்து கல்லூரி என்று பிரெஸ்பிட்டேரியன் சபையார் வெள்ளையின மாணவர்களுக்காக நடத்திய கல்லூரி அது, போர் தொடங்கியதும் மாணவர்கள் படைக்குப் போய்விட்டதால் மூடிக்கிடந்தது. அரசு அதை 40,000 டாலருக்கு வாங்கியது. நான் மேலே சொன்ன ஆலயம் அந்தப் பழைய கல்லூரியின் கட்டடம்தான், அடிமைகளின் உழைப்பில் எழுந்தது. தொடக்கத்தில் எட்டு ஆசிரியர்கள், 179 மாணவர்கள், எல்லோரும் ஆண்கள். பெண்களைச் சேர்த்தது 1895இல்தான். பத்து வருடத்துக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் தருவதாக அரசு சொன்னது. வேளாண் கல்லூரிகளுக்காக மத்திய அரசு தந்த நிலத்தை விற்ற பணத்தில் ஐந்தில் மூன்று பங்கும் ஆல்கார்னுக்குக் கிடைத்தது.

எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறையின் பிள்ளைகள் பட்டப் படிப்புக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நேராக லத்தீனும் கணிதமும் எடுத்துவிட முடியாது, அடிப்படைப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். நம்மில் வார இறுதி வகுப்பு எடுப்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லா வசதியும் இருக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் வரிசை பதிய வைக்கவே நமக்கு ஒரு வருடம் ஆகிறது.

அந்தக் கல்லூரியும் அரசியலிலிருந்து தப்பவில்லை. 1873இல் சில மாதம் ரெவல்ஸ் மாநிலச் செயலாளர் பொறுப்பைத் தற்காலிகமாகப் பார்த்தார். அதே வருடம் ஆளுநர் தேர்தலில் ஏம்ஸும் ஜேம்ஸ் ஆல்கார்னும் மோதினார்கள். கல்லூரிக்குப் பெயர் கொடுத்தது இந்த ஆல்கார்ன்தான், ரெவல்ஸ் அவர் பக்கம் நின்றார். வென்றது ஏம்ஸ். 1874இல் ரெவல்ஸின் தலைவர் பதவி போனது. அவர் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போய் மறுபடியும் சபைப் போதகராக உட்கார்ந்தார்.

இனிமேல்தான் நம் குழுவில் சிலருக்குச் சங்கடமான பகுதி.

1875 மிசிசிப்பித் தேர்தல் ரத்தத்தில் நடந்த தேர்தல். செப்டம்பரில் கிளின்டன் ஊரில் நடந்த அரசியல் கூட்டத்தில் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு, வெள்ளையர் கும்பல்கள் நாள்கணக்கில் கறுப்பினத்தவரைத் தேடித் தேடிக் கொன்றன. வாக்குச்சாவடிக்கு வராமல் மக்களை மிரட்டுவதே திட்டம். ஏம்ஸ் படை கேட்டார், வாஷிங்டன் கை விரித்துவிட்டது. நவம்பரில், வெள்ளையர் ஆதிக்கத்தை மீட்க நின்ற ஜனநாயகக் கட்சி, ரெவல்ஸும் ஏம்ஸும் இருந்த குடியரசுக் கட்சியைப் பெருவாரியாக வென்றது. தேர்தல் முடிந்த சில நாளில், நவம்பர் 6ஆம் தேதி, ரெவல்ஸ் அதிபர் கிராண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வடக்கிலிருந்து வந்த சுயநலவாதிகள் தன் மக்களின் வாக்கை வைத்துப் பிழைத்தார்கள், நேர்மையற்றவர்களுக்கு வாக்களிக்கும்படி அவர்களைப் பழக்கிவிட்டார்கள், அதனால்தான் ஏம்ஸ் ஆட்சி தோற்றது என்பது கடிதத்தின் சாரம். அடுத்த வருடம் செனட் விசாரணைக் குழுவின் முன்னாலும், தன் பகுதியில் வன்முறை நடந்ததாகத் தனக்குத் தெரியவில்லை என்று சாட்சி சொன்னார். 1876இல் புதிய ஜனநாயகக் கட்சி அரசு அவரை ஆல்கார்னுக்கே திரும்பத் தலைவராக நியமித்தது.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஏம்ஸ் ஆட்சியில் ஊழல் இருந்திருக்கலாம், தன் வேலையைப் பறித்தவர் என்ற கோபமும் இருந்திருக்கலாம், நாளைக்கும் அதே ஊரில், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நடுவில், வாழ வேண்டிய கட்டாயமும் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் செத்துக்கிடந்தவர்கள் பக்கம் அந்தக் கடிதம் நிற்கவில்லை. அது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். இதே ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அப்போது பதிமூன்று வயதுச் சிறுமியாக ஐடா பி. வெல்ஸ் வளர்ந்துகொண்டிருந்தார். கறுப்பினத்தவரைக் கும்பல்கள் கொல்வதைப் பற்றி ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டி எழுதிய அதே ஐடா வெல்ஸ்தான். அவர் அட்டையும் நம் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நம் பிள்ளைகளுக்கு ஏன் வாய்ப்பு தரக்கூடாது?

‘இதெல்லாம் பிள்ளைகளுக்குக் குழப்பம், மேடையில் ஐந்து நிமிடம்தான், பெருமையாகச் சொல்லி முடிக்கட்டும்’ என்று போன முறை நான் பேச்செடுத்தபோது ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகளை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். பிடித்த ஆசிரியர் ஒருநாள் அநியாயமாக நடந்துகொள்வதையும், பிடிக்காதவர் நியாயமாக நடப்பதையும் அவர்கள் தினமும் பள்ளியில் பார்க்கிறார்கள். பெருமைப்பட மட்டுமே ஒரு மனிதரைக் கொடுத்தால் போட்டி முடிந்த மறுநாளே மறந்துவிடுவார்கள்.

அதே 1876இல் அவர் செய்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையில் தெற்கிலுள்ள மாநாடுகளை (சபைகளின் வட்டார அமைப்புகளை) வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி என்று பிரிக்கும் பேச்சு வந்தபோது, அந்தத் திருச்சபையின் தென்மேற்குப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்த ரெவல்ஸ் அதை எதிர்த்து எழுதினார். 1871 பிப்ரவரியில் செனட்டில், தலைநகரப் பள்ளிகளில் நிற அடிப்படையில் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்று பேசியவரும் இவர்தான். இரண்டிலும் அவர் சொன்னது நடக்கவில்லை. பள்ளிகள் பிரிந்தே இருந்தன, திருச்சபையும் பிரிக்க அனுமதித்தது. கிராண்டுக்குக் கடிதம் எழுதிய கையும் இதை எழுதிய கையும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆல்கார்னுக்குத் திரும்பிப் போனாரே, எதை நடத்தினார் என்று கேளுங்கள். ஆண்டுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்ன அரசு, அதை 15,000 ஆக்கி, 1876இல் 5,500க்குக் கொண்டுவந்துவிட்டது. அதாவது தொடக்கத்தில் சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்கு. 1878இல் பெயரையும் ஆல்கார்ன் வேளாண், இயந்திரக் கல்லூரி என்று மாற்றினார்கள். அந்தக் காசில் ஆறு வருடம் கல்லூரியைக் கதவடைக்காமல் வைத்திருந்தார். எனக்கு அவரிடம் மிகப் பெரியதாகப் படுவது இதுதான். செனட்டில் 48 பேர் கை தூக்கிய நாளில் அரங்கமே நிரம்பியிருந்தது, அதைப் பத்திரிகைகள் எழுதின. பணம் பத்தாத கிராமத்துக் கல்லூரியில் உட்கார்ந்து எந்த ஆசிரியருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடுவதை யார் வந்து பார்த்திருப்பார்கள்?

பணக் கதை அதோடு முடியவும் இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் அனுப்பின. நிலக்கொடைத் திட்டத்தில் (வேளாண் கல்லூரிகளுக்காக மத்திய அரசு நிலம் தந்த திட்டம்) இருக்கும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, அதே மாநிலத்தின் மற்ற பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் மூன்று பத்தாண்டுகளில் எவ்வளவு குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அதில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மிசிசிப்பிக்கும் ஒரு கடிதம் போனது. ஆல்கார்னுக்குச் சுமார் 25 கோடி டாலர் என்றது அந்தக் கணக்கு. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ் படித்த கல்லூரி அது. நம் அட்டைப் பட்டியலில் மெட்கர் எவர்ஸும் உண்டு, ஆனால் அவர் படித்த கல்லூரியின் முதல் தலைவர் ரெவல்ஸ்தான் என்று இரண்டு அட்டைகளிலும் இல்லை.

1882இல் ஓய்வு பெற்றபின் ஹாலி ஸ்பிரிங்ஸில், இன்று ரஸ்ட் கல்லூரி என்று பெயர் மாறியிருக்கும் நிறுவனத்தில், இறையியல் சொல்லிக்கொடுத்தார். சபைப் பணியையும் விடவில்லை. 1890இல் மிசிசிப்பி புதிய அரசியல் சட்டம் எழுதி, வாக்கு வரி, வாசிப்புச் சோதனை என்று போட்டுக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்ததையும் அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 1901 ஜனவரி 16ஆம் தேதி ஆபர்டீன் ஊரில் திருச்சபை மாநாட்டுக்குப் போன இடத்தில் இறந்தார். ஹாலி ஸ்பிரிங்ஸில் அடக்கம் செய்தார்கள்.

இப்போது கோரிக்கை. டேவிஸ் வரியை எடுத்துவிடுங்கள், அது உடனே செய்ய வேண்டியது. பெரிய பிள்ளைகளுக்கான அட்டையில் 1871க்குப் பிறகு நடந்ததைச் சேருங்கள், கிராண்டுக்கு எழுதிய கடிதத்தையும் விடாமல். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் வேண்டாம் என்றால் எனக்குச் சம்மதம், ஆனால் கல்லூரியும் அதன் கணக்கும் இருக்கட்டும், 50,000 எப்படி 5,500 ஆனது என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், ‘அவர் செய்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை’ என்று ஒரு பிள்ளை மேடையில் சொன்னால் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

புதிய அட்டையை நானே எழுதிவிட்டேன், இரண்டு பக்கம் வந்திருக்கிறது, சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். சொற்களை எளிமையாக்க யாராவது உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ‘போதகர்’ என்ற சொல்லை மட்டும் முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன், அதை மாற்ற வேண்டாம்.

அன்புடன்,
மூன்றாம் நிலை ஞாயிறு வகுப்பு ஆசிரியர்